கோவில் இந்தா தெரியுது, ஆனா நடந்து போக முடியல

எங்க வீடு மும்பை செம்பூர் திலக் நகர்ல. மொட்டை மாடில தண்ணி டேங்க் பக்கத்துல நின்னா ஹைவேக்கு அந்தப் பக்கம் சேடா நகர் முருகன் கோவில் மேடு தெரியும். அம்மா ஊர்ல இருந்து வந்த புதுசுல ஒரு கிருத்திகைக்கு கிளம்பினாங்க, ஆட்டோ பிடிக்கட்டுமான்னு கேட்டேன், "ஏல, கோவில் இந்தா தெரியுது, இதுக்கா ஆட்டோ?"ன்னு சொல்லிட்டு செருப்ப மாட்டிட்டு போயிட்டாங்க. நாப்பது நிமிஷம் கழிச்சு போன். பூசை முடிஞ்சிட்டாம், இவங்க இன்னும் கோவில் படிக்கட்டுலயே கால் வைக்கல, எந்தப் பக்கம் ரோட்டைத் தாண்டுறதுன்னு மூணு பேர்கிட்ட கேட்டு மூணு விதமா நடந்திருக்காங்க. நடுவுல இருக்கிறது ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே, அதுக்கு மேல ஃப்ளைஓவர், அதுக்குப் பக்கத்துல இன்னொரு ஃப்ளைஓவர், கீழ சர்வீஸ் ரோடு. காக்கா பறக்குற தூரம் ரொம்பக் கம்மி. கால்ல போனா அது வேற கணக்கு.

மும்பை புறநகர்ல ஜனங்க எப்படி நடமாடுறாங்கன்னு புரிஞ்சுக்கணும்னா இந்த ரெண்டாவது கணக்குலதான் ஆரம்பிக்கணும்னு நெனைக்கிறேன். இங்க தூரம் கிலோமீட்டர்ல இல்ல, எத்தனை தடவை தாண்டணும்கிறதுல இருக்கு. ஒரு ட்ராக், ஒரு ஹைவே, ஒரு நாலா (பெரிய சாக்கடைக் கால்வாய்). இந்த மூணையும் தாண்டாம உங்க ஸ்கூலும் மார்க்கெட்டும் ஸ்டேஷனும் இருந்தா நீங்க கொடுத்து வச்சவங்க.

வெளியூர்க்காரங்க மும்பைன்னாலே லோக்கல் ட்ரெயின்னு சொல்லுவாங்க, தப்பில்ல. 1853 ஏப்ரல் 16ல போரி பந்தர்ல இருந்து தானேக்கு முதல் பயணி ரயில் போனதுல இருந்து இந்த ஊரே தண்டவாளத்தைப் பிடிச்சுக்கிட்டுதான் வடக்க வளர்ந்துச்சு, ஹார்பர் லைன்ல 1925ல கரண்ட் ட்ரெயின் வந்துச்சு, 1950லயும் 1957லயும் புறநகரெல்லாம் மாநகராட்சிக்குள்ள சேர்ந்துச்சு. ஆனா எம்எம்ஆர்டிஏ, அதாவது மும்பை பெருநகர வளர்ச்சி ஆணையம், 2008ல முடிச்ச பெரிய போக்குவரத்து ஆய்வுல, நடையையும் சேர்த்து எண்ணினா மொத்தப் பயணத்துல பாதிக்கு மேல வெறும் நடைதான்னு வந்துச்சு. ட்ரெயின் அதுக்கு அப்புறம்தான். அந்த ட்ரெயின் ஏறுறவங்களும் பெரும்பாலும் ஸ்டேஷனுக்கு நடந்தேதான் வராங்க. அப்போ ஒரு நாளோட பயணம்னா ரெண்டு நடை, நடுவுல ஒரு ட்ரெயின். வாடகை வீடு தேடினவங்களுக்கு இது தெரியும், புரோக்கர் முதல்ல சொல்றது ஸ்கொயர் ஃபீட் இல்ல, "ஸ்டேஷன்ல இருந்து ஏழு நிமிஷம் வாக்கிங்". அது எப்பவுமே புரோக்கர் நிமிஷம், நம்ம நிமிஷத்துல பதினஞ்சு ஆகும்.

இதுல ஒண்ணு சொல்லணும். ஆபீஸ் போற நடையாவது கணக்குல வருது. அம்மா கோவிலுக்குப் போறது, பக்கத்து வீட்டு அக்கா பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு அப்படியே மார்க்கெட் போயி மாவு மில்லுல எட்டிப் பாத்துட்டு திரும்பி வர்றது, இதையெல்லாம் யாரும் பயணம்னே நெனைக்கிறதில்ல. 2011 சென்சஸ்ல வேலைக்கு எதுல போறீங்க எவ்ளோ தூரம்னு கேட்டாங்க, நல்ல கேள்விதான், ஆனா கேட்டது வேலைக்குப் போறதை மட்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை ரோடு தாண்டுற அந்த அக்கா வீட்டுல "சும்மா இருக்கிறவங்க" லிஸ்ட்ல போயிடுறாங்க.

சரி, ஏன் இவ்ளோ தடை? மேப்பை எடுத்துப் பாருங்க. இந்த ஊர் வடக்கு தெற்கா நீட்டிப் படுத்திருக்கிற ஒரு தீவு. வெஸ்டர்ன், சென்ட்ரல், ஹார்பர்னு ரயில் லைன் மூணும் நீளவாக்குல ஓடுது, ரெண்டு எக்ஸ்பிரஸ் ஹைவேயும் நீளவாக்குல, எல்பிஎஸ் ரோடும் அப்படித்தான். மித்தி ஆறு ஒண்ணு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு போகுது. நீளவாக்குல போறவனுக்கு ராஜபாட்டை, குறுக்க போறவனுக்கு சுவரு. அதனாலதான் ஒவ்வொரு ஸ்டேஷனும் ஈஸ்ட் வெஸ்ட்னு ரெண்டு ஊரா பிரிஞ்சு கிடக்கு. முலுண்ட் ஈஸ்ட்ல இருக்கிற மாமிக்கு முலுண்ட் வெஸ்ட்ல ஒரு கல்யாணம்னா, "அந்தப் பக்கமா?"ன்னு ஏதோ செங்கல்பட்டு தாண்டிப் போற மாதிரி கேப்பாங்க.

குறுக்க போக ரோடு வேணும்கிறது நியாயம்தான், அதுக்குத்தான் சாந்தாகுரூஸ் செம்பூர் லிங்க் ரோடு வந்துச்சு. 2003ல ஆரம்பிச்சு 2014 ஏப்ரல்ல திறந்தாங்க, கிட்டத்தட்ட ஆறரை கிலோமீட்டருக்கு பதினோரு வருஷம், ரெண்டு அடுக்கு ஃப்ளைஓவர் எல்லாம் வச்சு. கார்ல வெஸ்டர்ன் ஹைவேல இருந்து ஈஸ்டர்ன் ஹைவேக்கு வர்றவங்களுக்கு பெரிய வரம், மறுக்கல. ஆனா அந்த ரோடு வர்ற வழியில இருந்த வீடு, கடையெல்லாம் எடுத்தாங்க. அது உலக வங்கி பணம் போட்ட திட்டத்துல ஒரு பகுதி, மறுகுடியமர்வு சரியா நடக்கலன்னு புகார் வங்கியோட விசாரணைக் குழு வரைக்கும் போயி 2006ல கொஞ்ச நாள் பணத்தையே நிறுத்தி வச்சாங்க. அந்தத் திட்டங்கள்ல வீடு போனவங்கள்ல நிறைய பேருக்கு மாற்று வீடு மான்குர்ட் பக்கம் லல்லுபாய் காம்பவுண்ட்ல. யோசிச்சுப் பாருங்க, குர்லாவுல வீட்டு வாசல்லயே கடை வச்சிருந்தவங்க, பக்கத்துத் தெருவுக்கு நடந்தே வேலைக்குப் போனவங்க, மாடி வீடு கிடைச்சதும் ட்ரெயின் பாஸ் எடுக்க வேண்டியதாயிடுச்சு. இருவது நிமிஷம் மிச்சமானது கார்ல போனவருக்கு, அதுக்கு ஒரு மணி நேரம் கொடுத்தது இவங்க.

இதே மாதிரிதான் ஒண்ணு ஒண்ணா. ஈஸ்டர்ன் ஃப்ரீவே 2013ல வந்துச்சு, டூவீலர், ஆட்டோ, சைக்கிள், நடக்கிறவங்க யாருக்கும் அனுமதி இல்ல. 2024 ஜனவரில திறந்த அடல் சேது கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர், அதுலயும் டூவீலர் கூடாது. அதே வருஷம் மார்ச்ல கோஸ்டல் ரோடு, அங்கயும் அதே போர்டு. பாலத்துல நடந்து போகணும்னு நான் கேக்கல, 22 கிலோமீட்டர் யார் நடப்பா. ஆனா பாதிப் பயணம் கால்நடையா நடக்குற ஊர்ல பெரிய காசெல்லாம் கால் படக்கூடாத ரோட்டுக்கே போகுதுங்கிறது கொஞ்சம் உறுத்துது. கடல் மேல போற பாலத்தால யாரோட பக்கத்துத் தெருவும் தூரமாகல, அதாவது பரவாயில்ல. ஊருக்குள்ள இறங்குற ரோடுங்கதான் ஆபத்து, ஏன்னா ஃப்ளைஓவர் எங்க இறங்குதோ அங்க வண்டி முழு வேகத்துல இறங்கும், சிக்னல் எடுத்துடுவாங்க, டிவைடரை உயர்த்துவாங்க, ஏற்கனவே மனுஷன் தாண்டிக்கிட்டிருந்த இடம் மூடிப் போயிரும்.

சிக்னல் இருக்கிற இடத்துலயும் கணக்கு பாருங்க. மனுஷன் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பான்னு வச்சுதான் பொதுவா பச்சை லைட் நேரம் போடுறது. முப்பது மீட்டர் ரோடுன்னா 25 நொடி. எனக்கு ஓகே, முட்டி வலி உள்ள எங்கம்மாவுக்கு நடு ரோட்டுலயே செவப்பு விழுந்துரும். அப்போ என்ன பண்ணுவாங்க, கை காட்டிக்கிட்டே போவாங்க. இந்தக் கை காட்டுறது நம்ம தேசிய சிக்னல். 2022ல நாட்டுல ரோடு விபத்துல செத்தவங்க 1,68,491 பேர், அதுல 32,825 பேர் நடந்து போனவங்க. அஞ்சுல ஒருத்தர்.

சயான்ல நடந்ததைச் சொன்னா இன்னும் நல்லா புரியும். தாராவி தண்டவாளத்துக்கு மேற்கால, சயான் ஆஸ்பத்திரி கிழக்கால. நடுவுல வெள்ளைக்காரன் காலத்துப் பாலம் ஒண்ணு, நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. புதுசா கட்டணும்னு 2024 ஆகஸ்ட் 1ல இருந்து மூடிட்டாங்க. பாலம் பழசு, கட்டித்தான் ஆகணும், அதுல சண்டை இல்ல. ஆனா அது மூடின அன்னைக்கே தாராவில இருக்கிறவங்களுக்கு ஆஸ்பத்திரி தூரமாயிடுச்சு. நல்லா நடக்கத் தெரிஞ்சவன் ஸ்டேஷன் படிக்கட்டு ஏறி ஃபுட் ஓவர் பிரிட்ஜ்ல போயிருவான், பிரசவத்துக்குப் போற பொண்ணோ டயாலிசிஸ் முடிச்சு வர்ற தாத்தாவோ படி ஏற முடியாது, அவங்க சுத்திக்கிட்டு ஆட்டோவோ டாக்ஸியோ பிடிக்கணும். சயானுக்கும் மாஹிமுக்கும் தெற்கால ஆட்டோவே வராதுங்கிறது வேற ஒரு கூத்து, எந்த முனைல வண்டி மாறணும்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும். 2025 செப்டம்பர்ல எல்பின்ஸ்டன் பாலமும் மூடினாங்க, அந்தப் பக்கமும் கேஇஎம், டாடான்னு ஆஸ்பத்திரி வரிசைதான்.

எல்பின்ஸ்டன்னு சொன்னதும் 2017 செப்டம்பர் 29 ஞாபகம் வருது. இப்போ பிரபாதேவின்னு பேர் மாத்தின ஸ்டேஷன். காலைல பீக் அவர், திடீர் மழை, ஃபுட் ஓவர் பிரிட்ஜ் படிக்கட்டுல ஒதுங்கினவங்க நகரல, ட்ரெயின் மேல ட்ரெயின் வந்து ஜனம் சேந்துக்கிட்டே இருந்துச்சு, 23 பேர் நசுங்கி செத்தாங்க. மில்லு இருந்த காலத்துல கட்டின ஒடுக்கமான படி, மில்லு போயி ஆபீஸ் டவர் வந்து கூட்டம் பல மடங்கான பிறகும் அதே படி. அப்புறம் ராணுவத்தைக் கூப்பிட்டு புதுப் பாலம் போட்டாங்க, 2018 பிப்ரவரில திறந்துச்சு, அஞ்சு மாசம் கூட ஆகல. முடியும்னா முடியுது, அதான் கடுப்பு. 2019 மார்ச்ல சிஎஸ்எம்டி ஸ்டேஷன் பக்கத்துல ஒரு நடைபாலம் இடிஞ்சு 7 பேர் போனாங்க. கவனிச்சுப் பாருங்க, ரெண்டுமே ட்ரெயின்ல நடந்ததில்ல, ட்ரெயினுக்கு முன்னாடியும் பின்னாடியும் இருக்கிற அந்த நடையில நடந்தது.

நடையை மேல தூக்கிட்டா பிரச்சனை தீரும்னு ஒரு காலத்துல நெனைச்சாங்க. 2008ல பாந்த்ரால முதல் ஸ்கைவாக், அப்புறம் வரிசையா முப்பதுக்கு மேல. ஸ்டேஷன்ல இருந்து நேரா கூட்டத்துக்கு மேல நடந்து போய் இறங்கிடலாம்னு ஐடியா. சில இடத்துல நல்லாவே ஓடுது, முக்கியமா ஸ்டேஷன் பிரிட்ஜோட நேரா ஒட்டி இருந்தா. மத்ததுல நாலு மாடி உயரம் மாதிரி ஏறணும், ராத்திரி ஆளே இருக்க மாட்டாங்க, லைட் எரியாது, பொண்ணுங்க யாரும் ஏற மாட்டாங்க. கீழ ரோட்டுலயே போறோம்னு போயிருவாங்க, ஏன்னா கீழ கடை இருக்கு, வெளிச்சம் இருக்கு. பாந்த்ரால முதல்ல கட்டினதையே 2019ல மூடி, அப்புறம் இடிச்சுட்டாங்க, திரும்பக் கட்டுங்கன்னு ஹைகோர்ட் சொல்ல வேண்டியிருந்துச்சு.

இங்கதான் ஹாக்கர், அதாவது தெருவோரக் கடைக்காரங்க விஷயம் வரும், இதுல எனக்கும் எங்க சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்புக்கும் ஆகாது. 2017 விபத்துக்கு அப்புறம் ஸ்டேஷன்ல இருந்து 150 மீட்டருக்குள்ள யாரும் கடை போடக் கூடாதுன்னு பாம்பே ஹைகோர்ட் சொல்லுச்சு. படிக்கட்டு வாயில கடை கூடாதுங்கிறது சரி. ஆனா ஃபுட்பாத்ல நடக்க முடியலன்னா குத்தம் மொத்தமும் பூக்காரம்மா மேலயா? ஐஆர்சி (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) விதிப்படி ஃபுட்பாத் குறைஞ்சது 1.8 மீட்டர் தடையில்லாம இருக்கணும், ரோட்டுல இருந்து 150 மில்லிமீட்டருக்கு மேல உயரம் கூடாது. எங்க தெருவுல ஒரு பக்கம் ஃபுட்பாத் முழங்கால் உயரம், மேல கரண்ட் பெட்டி, அடுத்து மரம், அடுத்து யாரோ நிறுத்தின புல்லட், அதுக்கப்புறம் சொசைட்டி கேட்டுக்குள்ள கார் ஏறுறதுக்காக சரிவா வெட்டி விட்டது. ஏறி இறங்கி ஏறி இறங்கி, நடக்கிறமா இல்ல சர்க்கஸா. ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷன்ல இறங்கி வர்றப்போ என் தங்கச்சிக்கு தைரியம் கொடுக்கிறது அந்த பூக்கடை பல்பும் வடாபாவ் வண்டியும்தான், நிறுத்தி வச்ச காருங்க இல்ல. குரூப்புல இதைச் சொன்னேன், மூணு பேர் தம்ஸ்டவுன் போட்டாங்க.

நடக்க முடியாத தூரத்துக்கு என்ன இருக்கு? முன்னாடி பெஸ்ட் பஸ், அதாவது மும்பை மாநகராட்சியோட பஸ். 2019 ஜூலைல மினிமம் டிக்கெட்டை 8 ரூபால இருந்து 5 ரூபா ஆக்கினாங்க, அஞ்சு கிலோமீட்டர் வரைக்கும், உண்மையிலேயே நல்ல முடிவு, ரெண்டு ஸ்டாப்புக்குக் கூட ஜனம் ஏற ஆரம்பிச்சுச்சு. ஆனா பஸ்ஸு குறைஞ்சுக்கிட்டே போச்சு. ஒரு காலத்துல 4,500க்கு மேல இருந்தது 3,000க்கு கீழ வந்துருச்சு, சொந்த பஸ் வயசாகி ஓரங்கட்ட, வாடகைக்கு எடுத்த பஸ் காண்ட்ராக்ட்காரங்கள்ல சிலர் கழண்டுக்க, ஸ்டாப்புல நிக்கிற நேரம் ஏறிக்கிட்டே போச்சு. 2025 மே மாசம் மினிமம் 10 ரூபா, ஏசிக்கு 12. தனியா ஒருத்தருக்கு அஞ்சு ரூபா பெருசில்லன்னு சொல்லுவாங்க, ரெண்டு பிள்ளையோட போய்வர்ற அம்மாவுக்கு கூட்டிப் பாருங்க. அந்தக் காசுக்கு இருவது நிமிஷம் நின்னு பஸ் வரலன்னா மனுஷன் நடந்துருவான், இல்லன்னா ஷேர் ஆட்டோ.

ஷேர் ஆட்டோங்கிறது ஊரே சேந்து உண்டாக்கின பஸ் சர்வீஸ். ஸ்டேஷன் வாசல்ல நிக்கும், டிரைவர் ஒரே ஊர் பேரைத் திரும்பத் திரும்பக் கத்துவாரு, பின்னாடி மூணு பேர் ரொம்பினா கிளம்பிரும், நிரந்தர ரூட், நிரந்தர காசு. குர்லால இருந்து பிகேசிக்கு (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்ங்கிற ஆபீஸ் ஏரியா) காலைல லைன் நிக்கிறதைப் பாத்தா தெரியும் இது எவ்ளோ பெரிய விஷயம்னு, நாட்டோட பெரிய பெரிய ஆபீஸ் கட்டடத்துக்கெல்லாம் ஜனம் போய்ச் சேர்றது மூணு பேர் இடிச்சுக்கிட்டு உக்காந்த ஆட்டோல. தனி ஆட்டோன்னா 2025 பிப்ரவரில இருந்து முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 26 ரூபா, ஆனா அந்த ஒன்றரை கிலோமீட்டருக்குத்தான் யாரும் வர மாட்டாங்க, தலையை மட்டும் ஆட்டிட்டுப் போயிருவாங்க. அவங்க பக்கமும் நியாயம் இருக்கு, ட்ராஃபிக்ல நின்னு 26 ரூபா வாங்கி என்ன மிஞ்சும்.

சைக்கிள் கதை இன்னும் வேடிக்கை. மும்பைல சைக்கிள் ட்ராக்னு பேச்சு வந்தாலே ஏரி, கடல், பைப்லைன்னு போயிரும். பிகேசில ரோட்டோரமா ட்ராக் போட்டாங்க, வண்டி நிறுத்துற இடமாச்சு. பவாய் ஏரியைச் சுத்திப் போட்டதை 2022 மே மாசம் ஹைகோர்ட் சட்டவிரோதம்னு நிறுத்திருச்சு, ஏரியை மூடி ட்ராக் போட்டா அப்படித்தான். தான்சா பைப்லைன் ஓரமா முலுண்ட்ல இருந்து சயான் வரைக்கும் 39 கிலோமீட்டர்னு ஒரு திட்டம், பைப் ஓரத்துல இருந்த குடிசைங்களை எடுத்துட்டு. இதெல்லாம் ஞாயித்துக்கிழமை ஹெல்மெட் போட்டுக்கிட்டு போறவங்களை மனசுல வச்சு யோசிச்சது. அவங்க மேல கோவம் இல்ல. ஆனா தினமும் சைக்கிள் மிதிக்கிறது யாரு? காலைல அஞ்சு மணிக்கு பாவ் மூட்டை கட்டி வர்றவரு, பால்காரரு, வாட்ச்மேன், கேரியர்ல கெட்டில் வச்சு டீ விக்கிற பையன், கடைசி ரெண்டு கிலோமீட்டர் டப்பா கொண்டு போற டப்பாவாலா. அப்புறம் நம்ம ஆளுங்க, தாராவில இருந்து விடியக்காலைல கிளம்புற இட்லிக்காரங்க. பின்னாடி பெரிய அலுமினியப் பாத்திரம், சைடுல சட்னி, சாம்பார் தூக்கு, ஹேண்டில்ல பாம் பாம்னு ஒரு ஹாரன். அம்பது கிலோவுக்குக் குறையாத பாரத்தோட அந்த மனுஷன் ஃப்ளைஓவர் ஏற முடியாது, ஏறவும் விட மாட்டாங்க, நடைபாலத்துல தூக்கிக்கிட்டுப் போக முடியாது. அவருக்கு வேணும்கிறது ஏரிக்கரை இல்ல, ஹைவேயை சமதரையில தாண்ட ஒரு இடம். எங்க பில்டிங்குக்கு வர்ற அண்ணாச்சிகிட்ட ஒரு நாள் கேட்டேன், ஹைவேக்கு அந்தப் பக்கம் ஏன் போறதில்லன்னு. "தம்பி, அங்க கிராக்கி உண்டு, போக வழிதான் கிடையாது"ன்னாரு. அவர் வியாபாரத்தோட எல்லைக்கோட்டையே ரோடு போட்டுருச்சு.

மெட்ரோ வந்தா எல்லாம் சரியாயிரும்னு சொல்றவங்க உண்டு. 2014ல வெர்சோவா காட்கோபர் லைன் வந்ததுல குறுக்குப் போக்குவரத்து நிஜமாவே மாறிச்சு, ஒன்றரை மணி நேர பஸ் பாடு ஒழிஞ்சுச்சு. 2025 மே மாசம் மூணாம் லைன்ல தாராவின்னே ஒரு ஸ்டேஷன் திறந்தாங்க, சந்தோஷம். ஆனா 2014ல அதே வருஷம் எங்க செம்பூர்ல இருந்து கிளம்பின மோனோரயிலையும் பாத்தவங்க நாங்க. அழகான ரயில், ஆனா ஜனம் நடமாடுற வழிக்கும் அது போற வழிக்கும் பெருசா சம்பந்தம் இல்ல, கடைசில 2025 செப்டம்பர்ல வேலை இருக்குன்னு நிறுத்தி வச்சாங்க. ஸ்டேஷன் எங்க இருக்குங்கிறதை விட அதோட படி எந்தப் பக்கம் இறங்குதுங்கிறதுதான் கேள்வி, ஹைவேக்கு ஒரு பக்கம் மட்டும் இறங்கினா மறுபக்கத்துக்காரனுக்கு அது இல்லாத மாதிரிதான்.

படி எங்க இறங்கணும்னு கண்டுபிடிக்க பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம். தண்டவாளத்து ஓரச் சுவரைப் பாத்துக்கிட்டே ஒரு நடை போனா போதும். எங்கெங்க ஓட்டை போட்டிருக்கோ அங்கதான் பாலம் வேணும். மும்பை லோக்கல்ல வருஷத்துக்கு 2,000க்கு மேல சாவு, அதுல பாதிக்கிட்ட ட்ராக்கைத் தாண்டுறப்போ. விளம்பரம் வைக்கிறாங்க, அபராதம் போடுறாங்க, சுவரை உசத்துறாங்க. ஆனா பால் பாக்கெட்டுக்காக உயிரைப் பணயம் வைக்கிறவன் முட்டாள் இல்ல, பாலத்தைச் சுத்தி வர இருவது நிமிஷம் ஆகும்னு தெரிஞ்சவன். எங்க ஏரியாவுல ஒரு ஓட்டை இருந்துச்சு, அந்தப் பக்கம் ரேஷன் கடை, இந்தப் பக்கம் சால் (வரிசை வீட்டுக் குடியிருப்பு). போன மழைக்கு முன்னாடி சிமெண்ட் வச்சு அடைச்சாங்க. நேத்து அந்தப் பக்கமா போனேன், அடைச்ச இடம் அப்படியே கெட்டியா இருக்கு. பத்தடி தள்ளி புதுசா நாலு செங்கல் உருவியிருக்கு, ஏறுறதுக்கு வசதியா கீழ ஒரு கல்லும் போட்டிருக்கு.